டயரைத் தின்னும் ஹெரால்டு: அலைன்மென்ட் ஏன் கடைசி வேலை

புது டயர் போட்டுச் சில ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும். முன் சக்கரங்களின் ஒரு ஓரம் மொட்டையாகிவிடும். மறு ஓரத்தில் டிசைன் அப்படியே இருக்கும். கேட்டால் கம்ப்யூட்டர் அலைன்மென்ட் செய்த ரசீது வரும், அதில் எல்லா எண்களும் பச்சையில் இருக்கும். ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்கள் பலருக்கும் இது பழகிய சிக்கல். ரசீது பொய் சொல்லவில்லை. இயந்திரம் அளந்தது நிற்கிற வண்டியை. டயர் தேய்வதோ ஓடுகிற வண்டியில். இரண்டுக்கும் நடுவே புஷ் என்னும் ரப்பர் உறைகள், பால் ஜாயின்ட், டிரன்னியன் என்னும் கீழ் மூட்டு, ஸ்டியரிங் ரேக் என்று அரை நூற்றாண்டு தேய்ந்த பாகங்கள் இருக்கின்றன.

டிரையம்ஃப் ஹெரால்டு 1959இல் இங்கிலாந்தில் வந்தது. வடிவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி. 1961 முதல் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 948 சிசி எஞ்சினோடு அதை ஸ்டாண்டர்டு ஹெரால்டாகத் தயாரித்தது. அந்தக் காலத்துச் சின்னக் கார்களில் இதன் முன்பக்க அமைப்பு உயர்ந்த ரகம்: மேலும் கீழும் சக்கரத்தைப் பிடிக்கும் விஷ்போன் கைகள், நடுவே காயில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஒரே யூனிட், ரேக் அண்டு பினியன் ஸ்டியரிங், சுமார் 25 அடி வட்டத்துக்குள் வண்டியைத் திருப்பிவிடும் வளைவு. பானெட் முழுதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறப்பதால் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே அல்லது வெளியே சாயும் அளவு), கேஸ்டர் (பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஸ்டியரிங் அச்சு சாயும் அளவு), டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மூன்றையும் மாற்ற முடியும். டோ மட்டுமே மாற்றக்கூடிய கார்களில் பழகிய கடைக்காரர்கள் மூன்றும் மாறும் என்பதைத்தான் கவனிக்காமல் விடுகிறார்கள்.

பின்சக்கரம் உந்தும் கார்களுக்கு டோ-இன், அதாவது முன்பக்கம் உள்நோக்கிய டோ, ஏன் வைக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். முன் சக்கரங்களை எஞ்சின் இழுப்பதில்லை. வண்டி தள்ள, அவை உருள்கின்றன. சாலையின் எதிர்ப்பு ஒவ்வொரு சக்கரத்தையும் பின்னோக்கி அழுத்துகிறது. ரப்பர் புஷ்கள் கொஞ்சம் நசுங்கிக் கொடுக்க, இரண்டு சக்கரங்களின் முன்பக்கமும் லேசாக வெளியே விரிகின்றன. அதனால்தான் நிற்கும்போது முன்பக்கம் 0 முதல் 1/16 அங்குலம், அதாவது 1.6 மில்லிமீட்டர் வரை, உள்நோக்கி வைக்கச் சொல்கிறார்கள். ஓடத் தொடங்கியதும் அது ஏறக்குறைய நேராகிவிடும். புஷ் எல்லாம் நல்ல நிலையில் இருந்தால்தான் இந்தக் கணக்கு சரி. புஷ் உப்பி, ரேக்கின் பிடிப்பு தளர்ந்து, டை ராட் எண்டில் (ரேக்கைச் சக்கரத்தோடு சேர்க்கும் தண்டின் முனை) ஆட்டம் இருந்தால், நிற்கும்போது 1.6 மில்லி உள்ளே இருக்கும் சக்கரம் ஓடும்போது 4 மில்லி வெளியே போகும். பிரேக் போட்டால் இன்னும் விரியும். எந்த இயந்திரமும் நிற்கிற நிலையில் இதைக் காட்டாது.

டோ பிழை எவ்வளவு தின்னும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஹெரால்டின் 13 அங்குல டயரின் வெளி விட்டம் சுமார் 580 மில்லிமீட்டர். டயரின் முன்பக்க இடைவெளிக்கும் பின்பக்க இடைவெளிக்கும் 6 மில்லி வித்தியாசம் இருந்தால் ஒரு சக்கரத்தின் பங்கு 3 மில்லி. 580க்கு 3 என்றால், ஆயிரம் மீட்டர் ஓடும்போது டயர் ஏறத்தாழ 5 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. 2,000 கிலோமீட்டருக்குப் பத்து கிலோமீட்டர் குறுக்கே இழுத்த மாதிரி. கேம்பர் பிழை இவ்வளவு வேகமாகத் தின்னாது. ஒரு ஓரத்தில் மெதுவாகத் தேய்க்கும்.

டயரைக் கையால் படிப்பது

கருவிக்கு முன் உள்ளங்கை. டயரின் குறுக்கே கையை வைத்து, உள் ஓரத்திலிருந்து வெளி ஓரத்துக்கும், பிறகு திரும்பவும் தடவுங்கள். உள்ளிருந்து வெளியே போகும்போது ரம்பப் பல் போலக் குத்தி, வெளியிலிருந்து உள்ளே வரும்போது வழுக்கினால் டோ-இன் அதிகம். வெளியிலிருந்து உள்ளே வரும்போது குத்தினால் டோ-அவுட். இனி இதை ரசீதோடு ஒப்பிடுங்கள். ரசீது டோ-இன் என்கிறது, டயர் டோ-அவுட் என்கிறது என்றால் மறுபடி அலைன்மென்ட் செய்வது வீண். ஆட்டம் எங்கே என்று தேட வேண்டும்.

குத்தல் இல்லாமல் ஒரு ஓரம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால் கேம்பரைச் சந்தேகிக்கலாம். நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. சுற்றளவில் அங்கங்கே குழி விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பர், வீல் பேரிங், பேலன்சிங் இந்த மூன்றில் ஒன்று. ஒரே இடத்தில் மட்டும் தட்டையாக இருந்தால் பிரேக் கவ்வி டயர் சறுக்கியிருக்கிறது, அல்லது வண்டி மாதக்கணக்கில் ஷெட்டில் அசையாமல் நின்றிருக்கிறது.

காற்றில் இந்த வண்டிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பங்கில் நாலு சக்கரத்துக்கும் 30 பவுண்டு அடித்து அனுப்புவது வழக்கம். ஹெரால்டுக்கு அது தவறு. பழைய கிராஸ்-பிளை டயருக்கு முன்னால் சுமார் 20, பின்னால் சுமார் 24 பவுண்டுதான் சொல்லப்பட்டது. இன்றைய ரேடியல் டயருக்குச் சில பவுண்டு கூட்டலாம். ஆனால் முன்னால் குறைவு, பின்னால் நாலைந்து அதிகம் என்ற வித்தியாசத்தை விடக் கூடாது. பின்பக்கம் ஸ்விங் ஆக்சில், அதாவது ஒவ்வொரு சக்கரமும் தன் அரை அச்சோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும் அமைப்பு. வேகமாக வளையும்போது பின்பக்கம் விலகாமல் இருக்க உதவுவது அந்த வித்தியாசம்தான். எல்லாவற்றுக்கும் 30 அடித்தால் முன் டயரின் நடுப்பகுதி தேய்வதோடு வண்டியின் குணமும் மாறிவிடும்.

ஆட்டம் தேடுதல்

முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விட வேண்டாம். சோதிக்கும் பக்கத்தில் லோயர் விஷ்போனின் வெளிமுனைக்குக் கீழே இன்னொரு ஜாக்கி வைத்து லேசாகத் தூக்கினால் ஸ்பிரிங்கின் அழுத்தம் மூட்டுகளிலிருந்து விலகும். ஒளிந்திருக்கும் ஆட்டம் வெளியே வரும்.

சக்கரத்தை 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் மேல் பால் ஜாயின்ட் அல்லது கீழ் டிரன்னியன். 3 மணி, 9 மணி இடங்களில் ஆடினால் டை ராட் எண்டு, ரேக்கின் உள் மூட்டு, ரேக்கைப் பிடிக்கும் யு-போல்ட். ரேக்குக்குச் சக்கரத்தை இறக்கிவிட்டு இன்னொரு சோதனையும் செய்ய வேண்டும். ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிது வெட்ட, நீங்கள் ரேக்கின் குழாயையே பாருங்கள். குழாய் சேசிஸின் மேல் பக்கவாட்டில் நகரக் கூடாது. எஞ்சின் ஆயில் கசிந்து பிடிப்பு ரப்பர் ஊறியிருந்தால் அது நகரும். அந்த வண்டிக்கு டோ என்று ஒரு நிலையான எண்ணே கிடையாது.

வீல் பேரிங் டேப்பர் ரோலர் வகை. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை மெதுவாக இறுக்கி, கொஞ்சம் பிடிப்பு தெரிந்ததும் நட்டின் ஒரு முகம் அளவு பின்னால் தளர்த்தி ஸ்பிளிட் பின் போட வேண்டும். 0.05 முதல் 0.2 மில்லி வரை ஆட்டம் இருக்கத்தான் வேண்டும். ஆட்டமே இல்லாமல் முறுக்கினால் பேரிங் சூடேறிச் சாகும்.

டிரன்னியன்

இந்த வண்டியில் அதிகம் புறக்கணிக்கப்படுவது இதுதான், உயிருக்கே ஆபத்தானதும் இதுதான். கீழே பால் ஜாயின்ட் கிடையாது. வெர்டிகல் லிங்க் என்னும் இரும்புத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அது ஒரு பித்தளைக் கட்டைக்குள் திருகி இருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையிலேயே சுழல்கிறது. வண்டியின் முன்பாரம் முழுதும் அந்த மரையின் வழியாகத்தான் போகிறது.

இதற்குக் கிரீஸ் அல்ல, 90ஆம் நம்பர் கியர் ஆயில். பித்தளைக் கட்டையில் உள்ள பிளக்கைக் கழற்றி, ஆயில் நிரப்பிய கன்னை மாட்டி, மேல் சீல் வழியாக ஆயில் கசியும்வரை அழுத்த வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, மழைக்காலம் முடிந்ததும் கட்டாயம். பல வண்டிகளில் பிளக்குக்குப் பதில் நிப்பிள் இருக்கும். யாரோ வருடக்கணக்கில் கிரீஸ் அடித்திருப்பார்கள். கிரீஸ் மரையின் இடுக்குக்குள் முழுதாக இறங்காமல் கெட்டியாகிவிடும். சீல் வழியே இறங்கும் தண்ணீர் அடியில் தேங்கி, இரும்புத் தண்டின் மரையை அங்கே அரிக்கும். ஒருநாள் ஸ்டியரிங்கை முழுதாக வெட்டிப் பார்க்கிங் செய்யும்போது தண்டு முறிந்து சக்கரம் படுத்துவிடும். அது பார்க்கிங்கில் நடந்தால் நல்ல காலம்.

ஸ்டியரிங் கனமாக இருக்கிறது, வளைவிலிருந்து தானாக நேருக்குத் திரும்பவில்லை என்றால் முதலில் டிரன்னியனுக்கு ஆயில் கொடுங்கள். கேஸ்டர் குறைந்துவிட்டது என்று ஷிம் தகடு மாற்றப் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. ஆட்டம் இருந்து மாற்றுவதாக இருந்தால் இடப்பக்கக் கட்டையும் வலப்பக்கக் கட்டையும் ஒன்றல்ல. மரையின் திசை எதிரெதிர். புதுக் கட்டையைத் தண்டில் திருகிப் பார்க்கும்போதே ஆடினால் தேய்ந்தது தண்டு. பித்தளையை மட்டும் மாற்றிப் பயனில்லை. பொருத்தும்போது கடைசிவரை திருகி, பிறகு ஒரு சுற்றுக்குள் பின்வாங்கி வையுங்கள். அடியில் முட்டினால் ஒரு பக்கம் முழு வெட்டு கிடைக்காது, கட்டாயப்படுத்தினால் தண்டுக்குத்தான் கேடு.

டிரன்னியனை விஷ்போனோடு சேர்க்கும் போல்ட் உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். ஒரு நாள் முன்பே துரு நீக்கி ஊற்றி வைப்பது நல்லது. அப்படியும் வராவிட்டால் அறுத்தெடுப்பதே வழி. நைலான் புஷ், குழாய், வாஷர், தூசி மறைப்பு எல்லாவற்றையும் ஒரு செட்டாக மாற்றுங்கள். இன்னொன்று: இந்த வண்டியின் நட்டுகள் அங்குல அளவு. 7/16க்கு 11 மில்லி ஸ்பேனர் நுழையாது. 1/2 அங்குலத்துக்கு 13 மில்லி போட்டால் முனை மழுங்கும். அங்குல அளவு ஸ்பேனர் செட் ஒன்று வாங்குவது டயர் வாங்குவதைவிட மலிவு.

விஷ்போன் புஷ்களை மாற்றுகிறவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. சக்கரம் காற்றில் தொங்கும்போதே போல்ட்டை முழுதாக இறுக்கிவிடுகிறார்கள். ரப்பர் புஷ் சுழல்வதில்லை, முறுக்கிக்கொள்கிறது. தொங்கும் நிலையில் பூட்டப்பட்ட ரப்பர், வண்டி தரையில் இறங்கியதும் எந்நேரமும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். வண்டியின் முன்பக்கம் உயர்ந்து நிற்கும், கேம்பர் தப்பாகக் காட்டும், புஷ் சீக்கிரம் கிழியும். எல்லாப் போல்ட்டையும் கையிறுக்கமாக விட்டு, வண்டியை இறக்கி, முன் இருக்கைகளில் ஆளுக்குச் சுமார் 68 கிலோ பாரம் வைத்து, நாலு முறை அழுத்திக் குலுக்கி, அதன் பிறகே முழுதாக முறுக்க வேண்டும். அலைன்மென்ட் அளவுகளும் இந்தப் பாரத்தோடுதான் பொருந்தும். ஆளில்லாத வண்டியில் அளந்த கேம்பர் வேறு எண்ணைத் தரும்.

ஸ்பிரிங்கை மறந்துவிடக் கூடாது. மேல் விஷ்போன் குட்டை, கீழ் விஷ்போன் நீளம் என்பதால் வண்டி இறங்க இறங்கச் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும். ஒரு பக்க ஸ்பிரிங் மட்டும் உட்கார்ந்திருந்தால் இரு பக்கக் கேம்பரும் வேறுபட்டு வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஓட்டுநர் மட்டுமே ஏறும் வண்டிகளில் வலப்பக்க ஸ்பிரிங் முந்திக்கொண்டு தளர்வது சகஜம். சமதளத்தில் நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை இருபுறமும் அளந்தால் தெரிந்துவிடும். மாற்றினால் ஜோடியாக மாற்றுங்கள். ஷாக் அப்சார்பரிலிருந்து காயிலைப் பிரிக்க ஸ்பிரிங் கம்ப்ரெசர் இல்லாமல் முயல வேண்டாம்.

ஷிம் வேலை

ஹெரால்டின் அளவுகள்: கேம்பர் சுமார் 2 பாகை பாசிட்டிவ் (மேல்பக்கம் வெளியே சாய்ந்தது), கேஸ்டர் சுமார் 4 பாகை, கிங்பின் சாய்வு (முன்னிருந்து பார்க்கும்போது ஸ்டியரிங் அச்சு உள்ளே சாயும் அளவு) 6¾ பாகை. கடைசியது பாகத்திலேயே அமைந்தது, மாற்ற முடியாது. அது தவறாக வந்தால் வெர்டிகல் லிங்க் வளைந்திருக்கிறது என்று பொருள்.

லோயர் விஷ்போனின் உள்முனையில் முன்னொன்று பின்னொன்றாக இரண்டு பிராக்கெட்டுகள் சேசிஸில் பூட்டியிருக்கும். அவற்றுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஷிம் தகடுகள். இரண்டிலும் சமமாகத் தகடு சேர்த்தால் சக்கரத்தின் அடி வெளியே தள்ளப்பட்டுப் பாசிட்டிவ் கேம்பர் குறையும்; எடுத்தால் கூடும். ஒரு மில்லி தகடு தோராயமாகக் கால் பாகை மாற்றும். முன் பிராக்கெட்டிலிருந்து எடுத்து அதே தகட்டைப் பின் பிராக்கெட்டில் வைத்தால் அடி மூட்டு முன்னே நகர்ந்து கேஸ்டர் கூடும், கேம்பர் அசையாது. பின்னால் மட்டும் தகடு சேர்த்தால் கேஸ்டரோடு கேம்பரும் கொஞ்சம் மாறும். பழைய தகடுகளை எடுக்கும்போது எந்தப் பக்கம், எந்த பிராக்கெட், எத்தனை என்று சுண்ணக்கட்டியால் சேசிஸிலேயே எழுதிவிடுங்கள்.

2 பாகை என்பது தோள் உருண்ட கிராஸ்-பிளை டயர் காலத்து எண். தட்டையான ரேடியலை அந்தச் சாய்வில் ஓட்டினால் வெளி ஓரம் தேயும். ரேடியலுக்கு அரை முதல் ஒரு பாகைக்குக் குறைப்பது நியாயமான சமரசம். அதைவிட முக்கியம், இடமும் வலமும் அரை பாகைக்குள் ஒத்துப்போவது. கேம்பர் அதிகமுள்ள பக்கமும், கேஸ்டர் குறைந்த பக்கமும்தான் வண்டி இழுக்கும். ஒரு பக்கம் மட்டும் வழக்கத்துக்கு மீறிய எண்ணிக்கையில் தகடு தேவைப்பட்டால் நிறுத்துங்கள். சேசிஸோ ஸ்பிரிங்கைத் தாங்கும் டரெட்டோ பழைய மோதலில் வளைந்திருக்கும். முன் டிரன்னியனிலிருந்து எதிர்ப்புறப் பின் ஹப்வரை குறுக்காக இருபுறமும் அளந்து ஒப்பிட்டால் விஷயம் வெளிவரும்.

டோ: கடைசியாக

கேம்பரும் கேஸ்டரும் மாறினால் டோவும் மாறும். அதனால்தான் இது கடைசி. வீட்டிலேயே துல்லியமாக அளக்கலாம். சமதளத்தில் வண்டியைச் சில அடி முன்னே உருட்டி நிறுத்துங்கள். பின்னே தள்ளி நிறுத்தினால் புஷ் எதிர்ப்பக்கம் நசுங்கி அளவு கெடும். இரு ரிம்மின் உள் விளிம்பிலும், அச்சு உயரத்தில், பின்பக்கம் ஒரு புள்ளி சுண்ணத்தால் குறித்து இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். வண்டியை முன்னே உருட்டி அதே புள்ளிகள் அரைச் சுற்று சுற்றி முன்பக்கம் அச்சு உயரத்துக்கு வந்ததும் மறுபடி அளங்கள். அதே புள்ளியை இரு முறை அளப்பதால் ரிம்மின் கோணல் கணக்கிலிருந்து விழுந்துவிடும். முன்பக்க அளவு 0 முதல் 1.6 மில்லி குறைவாக இருக்க வேண்டும்.

ரிம்மில் 1.6 மில்லி என்பது டயரின் வெளிப்பரப்பில் அளந்தால் சுமார் 2.6 மில்லி. கோணத்தில் இரு சக்கரமும் சேர்த்து சுமார் 0.26 பாகை, அதாவது 16 நிமிடம். ஒரு சக்கரத்துக்கு 8 நிமிடம். இயந்திரக் கடைக்குப் போனால் இந்த எண் உதவும். அங்குள்ள பட்டியலில் ஹெரால்டு இல்லாவிட்டால் ஏதோ ஒரு காரின் அளவைத் தேர்ந்தெடுத்துப் பச்சை வரவழைத்துவிடுவார்கள். திரை நிமிடத்தில் காட்டுகிறதா, தசமப் பாகையில் காட்டுகிறதா என்றும் கேளுங்கள், 0.16ஐயும் 16 நிமிடத்தையும் குழப்பிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

திருத்தும் முன் ஸ்டியரிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சுற்றி எண்ணி, பாதியில் நிறுத்தி ரேக்கை நடுவாக்குங்கள். இரு டை ராடிலும் லாக் நட்டைத் தளர்த்துங்கள். ரப்பர் பூட்டின் வெளிக் கிளிப்பைக் கழற்றாவிட்டால் பூட் முறுக்கிக் கிழியும். இருபுறமும் சமமாக, கால் கால் சுற்றாகத் திருகி அளந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் திருகினால் டோ சரியாகும், ஆனால் வளைவில் இரு சக்கரமும் சரியான விகிதத்தில் திரும்பாது. கார் நேராகப் போகும்போது ஸ்டியரிங்கும் கோணும். ஸ்டியரிங் கோணலை டை ராடில் திருத்தக் கூடாது, ஸ்டியரிங் வீலைக் கழற்றி அதன் பல் வரிசையில் மாற்றிப் பொருத்த வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் இழுத்தால் முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். இழுப்பும் திசை மாறினால் குற்றம் டயரின் கட்டுமானத்தில். பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுத்தால் டிரம்மில். டயர் அளவில் 145/80 R13 ஹெரால்டின் குறுகலான ரிம்முக்குப் பொருத்தம். 155 போட்டால் சக்கர உயரம் பழைய 5.20-13க்கு நெருக்கமாக வரும், ஆனால் 3.5 அங்குல ரிம்மில் நடு உப்பி அங்கேயே தேயும். ரேடியலையும் கிராஸ்-பிளையையும் ஒரே அச்சில் கலக்கவே கூடாது. குறைவாக ஓடும் வண்டிகளில் டிசைன் இருக்கும், ரப்பர் செத்திருக்கும். பக்கச்சுவரிலுள்ள நாலு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு.

பின் டயரின் உள் ஓரம் தேய்ந்தால் முன்பக்கத்தில் தேட வேண்டாம். ஸ்விங் ஆக்சிலின் குறுக்கு லீஃப் ஸ்பிரிங் உட்கார்ந்து சக்கரங்கள் மேலே உள்ளே சாய்ந்திருக்கும். 1972இல் வந்த கெசல் மாடலில் பின்பக்கம் சாதாரண ஆக்சில், அதனால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

வேலை முடிந்து ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் புதுப் புஷ்கள் படிந்திருக்கும். போல்ட்டுகளின் இறுக்கத்தையும் டோவையும் மறுபடி அளந்து, டயரை மறுபடி கையால் தடவிப் பாருங்கள். பழைய ரம்பப் பல் மறைய இன்னும் கொஞ்சம் ஓட வேண்டும். எதிர்த் திசையில் புதுப் பல் முளைக்கத் தொடங்கியிருந்தால் டோவை அரை மில்லி அளவுக்கு மட்டும் திருத்துங்கள்.